துணைக்குப் போன கோழி

காளியண்ணனின் குட்டியானைச் சரக்கு வண்டியில் முட்டை பின்னால் போகும். கோழி முன்னால் போகும். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில், மடித்துப் போட்ட சாக்கின் மேல், ஒரு செவலைக் கோழி வேடிக்கை பார்த்துக்கொண்டு வரும். நாமக்கல்லில் ஏற்றி ஆத்தூரில் இறக்கும்வரை அவருடைய பேச்செல்லாம் அதனோடுதான். "திரும்பறேன், புடிச்சுக்க சாமி" என்பார் வளைவுக்கு வளைவு. கோழி எதைப் பிடிக்கும் என்று கேட்டால் சாக்கை இழுத்துச் சரிசெய்வார்.

கோழிக்குப் பேர்போன ஜில்லாவில் கோழிக்கு சீட் கொடுத்தவர் இவர் ஒருவர்தான் என்று டீக்கடைகளில் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் முட்டைத் தட்டுகளை அடுக்க வண்டியின் பின்பக்கம் ஏறும்போது செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் ஏறுவார். வெயிலில் அந்தத் தகரம் தோசைக்கல்லாய்க் காய்ந்து கிடக்கும். சுமை இறக்க வருகிறவர்களிடமும், "செருப்ப உட்டுட்டு ஏறுங்க" என்பார். இதென்ன கோயிலா என்று முணுமுணுத்துக்கொண்டே அவர்களும் கழற்றுவார்கள்.

இந்த வண்டியை நீங்களும் பார்த்திருக்கலாம். போன ஐப்பசியில் மலைமேலிருந்த வானாய்வு மையத்தைத் திடீரென்று மூடினார்களே, அப்போது கைபேசிக்குக் கைபேசி பறந்த வீடியோவில் இருப்பது இதுதான். மழையில் மலைப்பாதை. ஒரு குட்டியானை இறங்கி வருகிறது. பின்னால் வெள்ளைத் துணி சுற்றிய நீளமான ஏதோ ஒன்று, பக்கத்துக் கம்பியில் கட்டிய ஒரு கோழி. துணிக்கு ஒரு சிவப்பு வட்டம், கோழிக்கு இன்னொரு சிவப்பு வட்டம்.

மையத்தின் கதவில் ஒட்டிய தாளில் 'மறு அறிவிப்பு வரும்வரை' என்பதற்கு மேல் விவரமில்லை. மீதியை ஆளாளுக்கு நிரப்பிக்கொண்டார்கள். வேற்றுக்கிரகத்து உயிர் ஒன்று வந்து விழுந்ததாம், அதைத்தான் துணியில் சுற்றி இறக்குகிறார்களாம். பூமியை நோக்கி ஒரு பெரிய கல் வருகிறதாம், ஜனங்கள் பயந்துவிடக் கூடாதென்று மூடிவிட்டார்களாம். சரி, கோழி எதற்கு? விஷக்கதிர் இருந்தால் முதலில் கோழிதான் சாகுமாம், சோதித்துப் பார்க்கத்தானாம். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவருக்கு லட்சம் பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

துணிக்குள் இருந்தது காளியண்ணனின் தம்பி மோகன்குமார். மையத்தில் காவலாளி. மழை பிடித்துக்கொண்டபோது தொலைநோக்கிக்கு மேலே இருக்கும் கூரை பாதியில் சிக்கி நின்றுவிட்டது. கையால் இழுத்து மூட ஏறியவன் மேல் இடி விழுந்தது. கருவிகளும் கருகிப்போயின. விசாரணைக்காக மூடினார்கள், அவ்வளவுதான் விஷயம். ஆம்புலன்ஸ் வரும்வரை பொறுக்காமல் அண்ணன் தன் வண்டியை மேலே விரட்டினார். தோளைப் பிடித்து உலுக்கி உலுக்கி எழுப்பினார். தம்பி எழவில்லை. துணியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அன்றைக்குச் சனிக்கிழமை. சனிப் பிணம் தனிப் போகாது, இன்னோர் உயிரையும் கூட்டிக்கொள்ளும் என்று பயந்து ஒரு கோழியைத் துணைக்குக் கட்டுவார்கள். கட்டுவது பாடையில், ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியில் யாரும் கட்ட மாட்டார்கள். காளியண்ணனுக்கு அதெல்லாம் அப்போது புத்தியில் ஓடவில்லை. சின்ன வயதிலிருந்தே தம்பி தனியாகப் படுக்க மாட்டான் என்பது மட்டும்தான் ஞாபகம் இருந்தது. வழியில் ஒரு வீட்டில் கோழியைக் கேட்டு வாங்கித் தன் கையாலேயே கட்டினார்.

உடல் கைக்குக் கிடைக்க ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. இனிக் கோழி வேண்டாம் என்றுவிட்டார்கள் பெரியவர்கள். அதை அறுக்க அவருக்கு மனம் வரவில்லை, விற்கவும் மனம் வரவில்லை. "அவங்கூட மலையெறங்குனது நானும் இதும் மட்டுந்தானுங்க" என்பார்.

அந்த வீடியோவுக்குக் கீழே ஒரேயொரு முறை அவரும் எழுதினார். அவர் சொல்லச் சொல்ல மகள் தனப்பிரியா தட்டினாள்: 'அது எந்தம்பி மோகன்குமாருங்க. இடி உழுந்து செத்துட்டான்.' வேறொன்றும் வேண்டாம், யாராவது ஒருவர் அந்தப் பெயரைச் சொன்னால் போதும் என்றிருந்தது அவருக்கு. 'நல்லா நடிக்கிறீங்க' என்று பதில் வந்தது. 'யாரு இப்படிச் சொல்லச் சொன்னது?' என்றது இன்னொன்று. அதற்கும் கீழே சிரிக்கிற மஞ்சள் முகங்கள்.

"அழிச்சுரட்டுங்களாப்பா?" என்றாள் மகள்.

"இருக்கட்டும் சாமி. அவம் பேரு அங்க மட்டுந்தான் இருக்குது."

போன வாரம் தம்மம்பட்டியில் சுமை இறக்கிவிட்டு நின்றபோது, கேமராவும் கையுமாக இரண்டு வாலிபர்கள் வந்தார்கள். வண்டி நம்பரை வைத்துத் தேடிப் பிடித்துவிட்ட சந்தோஷம் முகத்தில்.

"அண்ணா, அன்னிக்கு வண்டில என்னதாண்ணா இருந்துச்சு? எங்ககிட்ட மட்டும் சொல்லுங்க."

"எந்தம்பிங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். "சரிண்ணா, வெச்சிருந்த எடத்தயாச்சும் காட்டுங்க."

காளியண்ணன் பின்கதவை இறக்கிவிட்டார். "செருப்ப..." என்று அவர் வாயெடுப்பதற்குள் ஒருவன் ஷூவோடு தாவி ஏறிவிட்டான். தகரத்தில் நீட்டிப் படுத்து, கைகளை மார்பில் சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டான். மற்றவன் கேமராவைத் தூக்கினான்.

காளியண்ணன் செருப்பைக் கழற்றினார். மேலே ஏறி, படுத்திருந்தவன் பக்கத்தில் மண்டியிட்டு, இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். "எந்திரி சாமி... எந்திரி."

மிரண்டுபோய் அவன் எழுந்து உட்கார்ந்தான். அதற்குப் பிறகும் அவர் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.