பாட்டு ஏறும் நேரம்

சென்ற வாரம் அருப்புக்கோட்டையில் புதுப் போன் ஒன்று வாங்கினேன். பழையது கை நழுவித் தண்ணீர்த் தொட்டிச் சிமெண்டில் விழுந்து முகமெல்லாம் விரிசல். கடைக்காரர் புதியதைத் திருப்பித் திருப்பிக் காட்ட, நான் அதன் ஓரங்களை நகத்தால் தடவிக்கொண்டிருந்தேன். "என்னண்ணே தேடுறீக?" என்றார். மெமரி கார்டு போடும் இடம் எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் இப்ப வாரதே இல்லண்ணே. பாட்டுன்னா ஆப்புலயே கேட்டுக்க வேண்டியதுதான்" என்றார். வானொலிப் பெட்டிக்கு லைசென்ஸ் எங்கே எடுப்பது என்று கேட்ட ஆளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து அட்டைப்பெட்டியைத் திறந்ததும் ஒரு பிளாஸ்டிக் வாசனை வந்தது பாருங்கள், அது என்னை நேரே மயில்தோகை செல் பாயிண்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. பாளையம்பட்டி டவுன் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த சின்னக் கடை அது. காலேஜ் முடித்துவிட்டு வேலையில்லாமல் திரிந்த நான் முதன்முதலாகச் சம்பளம் வாங்கிய இடம். என் வேலை பாட்டு ஏற்றுவது. ஆட்கள் நகத்தளவு கார்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். கம்ப்யூட்டரிலிருந்து அவர்கள் கேட்கிற பாட்டையெல்லாம் அதில் ஏற்றிக் கொடுக்க வேண்டும். பந்தல்குடி பக்கத்து லாரி டிரைவர்கள் தூக்கம் வராமல் இருக்கப் பாட்டுக் கேட்பார்கள். வெளிநாடு கிளம்புகிறவர்கள் தூக்கம் வருவதற்குக் கேட்பார்கள். பாட்டு என்னவோ இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

எனக்கோ சினிமாவில் வராத பாட்டின் மேல் பித்து. சென்னையிலும் பெங்களூரிலும் நாலைந்து பேர் சேர்ந்து, தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்டு, ஏதோ ஒரு மாடியறையில் ரெக்கார்டு செய்து, இணையத்தில் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்று போட்டுவிடுவார்கள். எந்தக் குழுவில் சண்டை, யார் புது கிட்டார் வாங்கினார், எவருடைய அடுத்த பாட்டு எப்போது என்று எழுதுவதற்கென்றே சில வலைப்பூக்கள் இருந்தன. ஒன்று விடாமல் படிப்பேன். பாட்டை இறக்குவதற்குள் கரண்ட் போய்விடும், மறுபடி முதலிலிருந்து இறக்குவேன். இந்த வட்டாரத்தில் இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று முதலில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. போகப் போகக் கர்வம் கரைந்துவிட்டது. ஒரு நல்ல பாட்டைக் கேட்டுவிட்டு அதை யாரிடமும் சொல்ல முடியாமல் இருப்பது எவ்வளவு பாரம் என்று அப்போதுதான் தெரிந்தது.

சொல்லிப் பார்க்காமலும் இல்லை. ஒருநாள் மனசு தாங்காமல் முதலாளியிடம், "அண்ணே, அந்த பேண்டுல டிரம்ஸ் அடிக்கிறவரு வெலகிட்டாராம்ணே" என்றேன். அவர் கால்குலேட்டரிலிருந்து தலையை நிமிர்த்தி, "நம்ம திருச்சுழி பேண்டு செட்டா? கல்யாண சீசன்ல போயி வெலகுனா எப்பிடிய்யா?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

டிரம்ஸ்காரர் விலகிய அந்தக் குழுவின் பாட்டு ஒன்று எனக்கு உயிர். பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஒருவன், வந்து போகிற பஸ்களின் போர்டை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே இருப்பான். அவன் எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை என்பது கடைசியில்தான் நமக்குத் தெரியவரும். காதல் கிடையாது, குத்து கிடையாது. வாடிக்கையாளர் கேட்டதையெல்லாம் ஏற்றி முடித்த பிறகு கார்டில் இடமிருந்தால் கொசுறாக இந்தப் பாட்டையும் சேர்த்துவிடுவேன். கறிவேப்பிலையைப் போலத்தான் அதையும் ஒதுக்கினார்கள். "ஏலே, நடுவுல ஒருத்தன் பஸ்ஸு போர்டு வாசிக்கிறானே, அவன எறக்கி விடுறா மொதல்ல" என்று ஒரு டிரைவர் கார்டோடு திரும்பியே வந்துவிட்டார்.

இங்கே கடை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாட்டு ஓடும்போது போன் திரையில் பாடியவர் பெயர் வருமல்லவா, அந்த இடத்தில் எல்லாக் கடைக்காரர்களும் தங்கள் கடைப் பெயரைப் போட்டுவிடுவார்கள். செலவில்லாத விளம்பரம். எங்கள் கடையில் ஏறிய சினிமாப் பாட்டு, சாமி பாட்டு, நாகூர் பாட்டு அத்தனையையும் பாடியவர் மயில்தோகைதான். ஊர் பூராவும் எல்லாருக்கும் இது தெரிந்த சமாச்சாரம். யாரும் அந்த எழுத்தைப் படிப்பதுகூட இல்லை.

ஒரே ஒருவர் படித்திருக்கிறார். ஒரு வெயில் நேரத்தில், செண்ட் மணக்க ஓர் ஆள் கடைக்குள் வந்து போனை நீட்டினார். வீரசோழன்காரர், என் வயதுதான் இருக்கும். துபாயில் ஒரு குடோனில் வேலை, லீவில் வந்திருக்கிறார். "இந்த பஸ்ஸு பாட்டப் பாடுனவுக நீங்கதானா?" என்றார். நான் போனை வாங்கித் திரையைப் பார்த்தேன். "குடோன்ல ஒருத்தரு குடுத்த கார்டுங்க. மத்த பாட்டெல்லாம் யாரு பாடுனதுன்னு தெரியும். இது ஒண்ணுதான் தெரியாத குரலு. மயில்தோகைன்னு இருக்கவும் அதுதான் குழு பேருன்னு நெனைச்சு நெட்டு பூராத் தேடிட்டேங்க. மயிலுதான் வருது. இன்னிக்கு பஸ்ஸ விட்டு எறங்குனா எதுத்தாப்புல ஒங்க போர்டு" என்றார். நான் சிரித்த சிரிப்பில் முதலாளி எழுந்தே வந்துவிட்டார். உள்ளுக்குள் அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. என் பாட்டை ஒரு ஆள் தேடியிருக்கிறார்!

அவர் பெயர் ஜாபர். இரண்டாம் சந்திப்பிலேயே 'வாங்க போங்க' மறைந்து 'மாப்ள' வந்துவிட்டது. அதன்பிறகு ஒவ்வொரு லீவுக்கும் அவன் அங்கே இறக்கிய பாட்டுகளை ஹார்டு டிஸ்க்கில் அடைத்துக்கொண்டு வருவான். நான் என் சேகரிப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வீரசோழன் போவேன். அவன் வீட்டுக் கம்ப்யூட்டர் பழசு. பாட்டுகளை ஏற்றப் போட்டால் திரையில் 'இன்னும் பத்து நிமிடம்' என்று காட்டும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே 'மூன்று மணி நேரம்' என்று மாறும். ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காட்டு வெயில் வெள்ளையாக எரியும். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்தபடி நாங்கள் பேசிக்கொண்டிருப்போம்.

என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பாட்டில் ஆரம்பிக்கும், எங்கெங்கோ போகும். என் தங்கைக்கு வந்த வரன் தட்டிப்போனதை வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை. அவனும் ஒருநாள் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்தபடியே, "அந்தப் பாட்டுல அவன் ஊரு பேரு சொல்ற எடத்துல, நான் திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன்னு சேத்துச் சொல்லிக்குவேன் மாப்ள. ரூம்ல அத்தன பேரு இருக்காக. இருந்தாலும் யாருகிட்டச் சொல்ல?" என்றான். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததையெல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அவன் அம்மா எட்டிப் பார்த்து, "இன்னும் ஏறலையா தம்பி? அப்ப சோறு தின்னுட்டே போங்க" என்பார்கள். சீக்கிரம் முடிந்துவிடும்போல் தெரிந்தால், ஏற்கெனவே என்னிடம் இருப்பதையே இன்னொரு தடவை ஏற்றச் சொல்வேன். அவனும் தெரியாததுபோல் ஏற்றுவான்.

அப்புறம் கடையை மூடினார்கள். நான் நூல் மில் ஆபீஸுக்குப் போனேன். அவன் குடும்பத்தையும் துபாய்க்கே அழைத்துக்கொண்டான். பாட்டுகள் லிங்க்காக வர ஆரம்பித்தன.

போன மாதம் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்திருக்கிறான் என்று தெரிந்து, அரை நாள் லீவு போட்டுவிட்டு வீரசோழன் போனேன். கட்டிப்பிடித்தான். தலையில் நரை, தொப்பை, எனக்கும் அப்படித்தான். "மாப்ள, ஒரு குழு புதுசா வந்திருக்கு, கேட்டா விடமாட்ட" என்று போனை எடுத்து விரலால் ஒரு தட்டுத் தட்டினான். என் பையில் டிங் என்றது. "வந்துருச்சா?" "வந்துருச்சு." அவ்வளவுதான், வேலை முடிந்துவிட்டது. இருவரும் டீயைக் குடித்தோம். "அப்புறம்?" என்றேன். "நீதான் சொல்லணும்" என்றான். என் அம்மா இறந்து வருஷம் திரும்பியிருந்தது. அதைச் சொல்லத்தான் போயிருந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. அவனிடமும் ஏதோ இருந்தது, எனக்குத் தெரியும். வாசலில் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "வாரேன் மாப்ள, பஸ்ஸுல போறப்பக் கேளு" என்று எழுந்துகொண்டான்.

பஸ்ஸில் கேட்டேன். நல்ல பாட்டு, பொய் சொல்லக் கூடாது. 'அருமை' என்று அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று வந்தது.

இப்போது உலகத்துப் பாட்டெல்லாம் கேட்ட நிமிஷத்தில் வந்துவிடுகிறது. எதற்கும் காத்துக் கிடக்க வேண்டாம், எவரிடமும் போய் நிற்க வேண்டாம். அடுத்த லீவுக்கு ஜாபர் வரும்போது என்ன சாக்குச் சொல்லி வீரசோழனுக்கு பஸ் ஏறுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.