பாவாடையில் பட்ட இயோசின்

எங்கள் வீட்டில் கோழிமுட்டை ஓடுகூட வாசல்படி தாண்டியதில்லை. அந்த வீட்டுப் பெண் கல்லூரியில் உட்கார்ந்து ஆட்டின் சினைப்பையை மெழுகில் பதித்து, இழை இழையாக வெட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அம்மாவுக்குத் தெரியாது. என்ன படிக்கிறாய் என்று கேட்டால், இலையும் தண்டும் வெட்டிப் பார்க்கிறோம் என்று சொல்லி வைத்திருந்தேன். முழுப் பொய் இல்லை. தாவரவியலும் துணைப்பாடமாக இருந்தது.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. பூதப்பாண்டிக்குப் பக்கத்தில், மூன்று பக்கமும் வயல் சூழ்ந்த ஊர் எங்களுடையது. அங்கிருந்து தினமும் பஸ்ஸில் நாகர்கோவில் போய் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தேன். வகுப்பில் பெண்கள் மூன்று பேர். அப்பா தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. அவர் என்னைக் கல்லூரிக்கு அனுப்பியதே ஒரு நிபந்தனையோடுதான்: ஒரு பரீட்சையில் தவறினாலும் படிப்பு நின்றுவிடும், அத்தை மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அத்தை மகன் நல்லவன்தான். எனக்குத்தான் அவனைப் பார்த்தாலே கொட்டாவி வரும்.

கடைசிச் செய்முறைத் தேர்வுக்கு நாமே தயாரித்த ஒரு ஸ்லைடைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். பிறகு அவர்கள் கொடுப்பதைப் பார்த்து வரைய வேண்டும். எனக்குக் கிடைத்தது சினைப்பை. சந்தையில் கசாப்புக்காரரிடம் கல்லூரிச் சிப்பந்தி வாங்கி வந்தது, அவரைக்காய் விதை அளவுதான் இருந்தது. வெட்டிய இழையைக் கண்ணாடியில் ஒட்டி, நீலச் சாயத்தில் முக்கி, பிறகு இயோசின் என்ற சிவப்புச் சாயத்தில் முக்கி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

அன்று பார்த்ததை இன்றைக்கும் மறக்கவில்லை. ஓரத்தில் கடுகு சிந்தினாற்போல நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன ஃபாலிக்கிள்கள், அதாவது முட்டைக்கூடுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு முட்டை, சுற்றிலும் ஒரே ஒரு வரிசைத் தட்டைச் செல்கள். கொஞ்சம் உள்ளே தள்ளி, வளரத் தொடங்கியவை. அவற்றில் செல்கள் இரண்டு வரிசை, நான்கு வரிசை என்று அடுக்கடுக்காகக் கூடிக்கொண்டே போயின. எல்லாவற்றிலும் பெரியதற்குள் நுங்குக் குழிபோல நீர் நிறைந்த ஓர் இடம். அதன் ஒரு பக்கத்தில், செல்களால் ஆன மேட்டின்மேல், முட்டை பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அது முதிர்ந்து வெடித்துத்தான் முட்டை வெளியே வரும். மற்றவற்றில் பெரும்பாலானவை பாதி வழியிலேயே வாடிவிடும் என்றார் புரொபசர். எனக்குச் சந்தோஷமும் வந்தது, கோபமும் வந்தது. இத்தனை நேர்த்தியான ஒரு வேலை எனக்குள் மாதாமாதம் நடக்கிறது, அதற்குக் கூலியாக மூன்று நாள் என்னைப் புறவாசலை ஒட்டி இறக்கிய சாய்ப்பில் உட்கார வைக்கிறார்கள்.

தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் அது நடந்தது. ஸ்டூலில் யாரோ இயோசின் சிந்தியிருந்தார்கள். கவனிக்காமல் உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையப் போனபோது பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஏட்டி, அங்கனயே நில்லு. உள்ள கால வைக்காத."

திரும்பிப் பாவாடையைப் பார்த்தேன். வெளிர் நீலத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு.

"அம்மா, இது சாயம்."

"எல்லாருக்கும் தெரிஞ்ச சாயந்தான். சாய்ப்புக்குப் போ."

சாய்ப்பில் உட்கார்ந்தால் மூன்று நாள். தேர்வு மறுநாளைக்கு மறுநாள். கையில் காலில் விழுந்து கெஞ்சினாலும் அம்மா விடமாட்டாள், ஏனென்றால் எங்கள் ஊரில் பஸ் நிற்கும் இடம் கோயில் தேரடி. தீட்டோடு ஒருத்தி தேரடியில் போய் நிற்பதை அம்மாவால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அன்று ராத்திரி சாய்ப்பில் படுத்து, அத்தை மகனை நினைத்து அழுதேன். காதலில் அழவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காலையில் பாவாடையைத் துவைக்கச் சொன்னாள். வாளியில் முக்கியதும் தண்ணீர் ரோஜா நிறமானது. வெயில் பட்ட இடத்தில் மேலாகப் பச்சை மினுமினுத்தது. அம்மா எட்ட நின்று பார்த்தாள். பிறகு கொஞ்சம் கிட்டே வந்து பார்த்தாள்.

"என்னட்டி இது, பச்சையாட்டு மின்னுது?"

"சாயம்னு சொன்னேம்லா."

"எல தண்டுக்கு எதுக்குட்டி இந்தச் சாயம்?"

இனி மறைத்துப் பயனில்லை. ஆட்டைச் சொன்னேன், சினைப்பையைச் சொன்னேன். என் ரெக்கார்டு நோட்டைத் தரையில் வைத்துத் தள்ளிவிட்டேன். புத்தகம் சரஸ்வதி, அதற்குத் தீட்டில்லை என்பது அம்மாவின் சட்டம். அவள் குனிந்து எடுத்துக்கொண்டாள். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவளோ நான் வரைந்த படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த வட்டம் எல்லாம் என்னது?"

"முட்டை. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளயும் ஒண்ணு."

"ஆட்டுக்கா?"

"நமக்கும் இப்படித்தான்."

"சைவக்காரிக்குமா?" என்றாள் அம்மா, நிஜமாகவே திடுக்கிட்டு. நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"எனக்குள்ளயும் உண்டா?"

"உண்டும்மா. பிறக்கும்போதே இருக்கும். ஆயிரக்கணக்கில இருக்கும். முக்காவாசி பாதி வழியிலயே வாடிப்போகும்."

அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. எனக்குப் பிறகு ஒன்றும் தங்கவில்லை. அப்பா வழிச் சொந்தத்தில் விசேஷம் என்றால் வளைகாப்புப் பெண்ணுக்கு வளையல் போட அம்மாவைக் கூப்பிட மாட்டார்கள். அவளும் சமையல்கட்டில் ஏதாவது வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வாள். அவளுக்கு அது பழகிவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

நோட்டை மூடாமல் நின்றவள், "எனக்குள்ள ஒண்ணுமே கெடையாதுன்னுல்லா இருந்தேன்" என்றாள். எனக்கு எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. சாய்ப்பில் கிடந்தவள் குளிக்காமல் தொடக்கூடாது. உட்கார்ந்தே இருந்தேன்.

அன்று மத்தியானமே என்னைக் குளித்துவிட்டு உள்ளே வரச் சொன்னாள். அப்பாவிடம், தப்பு தன்னுடையது என்று அவளே சொல்லிவிட்டாள்.

மறுநாள் விடிந்தது. தேர்வு நாள். புறவாசலில் பல் தேய்க்கும்போதே தெரிந்துவிட்டது. இந்தத் தடவை சாயம் இல்லை. நாலு நாள் முந்தி வந்து நின்றது.

சொல்லாமல் போயிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் முந்தின நாள்தான் அம்மா என்னை நம்பியிருந்தாள், அந்த நம்பிக்கையை வைத்தே அவளை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை. படிப்பு போனால் போகட்டும் என்று, கிணற்றடியில் நின்ற அவளிடம் போய்ச் சொன்னேன்.

அம்மா குடத்தைக் கீழே வைத்தாள்.

"பரீட்சை எத்தன மணிக்கு?"

"பத்து."

"தேரடிக்குப் போகாத. வரப்பு வழியா நடந்து அடுத்த ஊர்ல பஸ் ஏறு. சாமிக்கும் சங்கடம் வேண்டாம், உனக்கும் வேண்டாம். உக்காரு."

எதற்கு என்று புரியாமல் கல்லில் உட்கார்ந்தேன். அம்மா பின்னால் வந்து நின்றாள். என் தலைமுடியைக் கையில் எடுத்து, சிக்கெடுத்து, பின்னத் தொடங்கினாள். பதிமூன்று வயசிலிருந்து அந்த நாட்களில் என்னை யாரும் தொட்டதில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னி முடித்து, நுனியில் ரிப்பனை இறுக்கிக் கட்டினாள்.

"வாடிப்போறதையும் விடாம வரை, மக்கா" என்றாள்.

பிறகு மாற்றுச்சேலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தலை முழுகக் குளத்துக்குப் போனாள்.