செயின் பக்கம் வெச்ச பனியன் வேஸ்ட்

என்ற ஊட்டுக்காரரு செத்து மூணு மாசங் கழிச்சு, அவரு பைக்கைக் கொழுந்தனாரு கேட்டாரு. "சும்மாதான நிக்குதுங்க அண்ணி, நான் எடுத்துக்கட்டுங்களா?" எடுத்துக்கோங்கன்னேன். ஆயில் ஒழுகுது, ஒரு வாரம் பொறுங்க, சரி பண்ணிக் குடுத்தர்றேன்னும் சொன்னேன். அதுல பாதிதான் நெசம். அந்த வண்டியைப் பிரிக்கையில நான் பக்கத்துல இருக்கோணும், மீதி அதுதான்.

மழை தூறிட்டிருந்த ஒரு சாயங்காலம், வீரபாண்டிப் பக்கம் ஒரு வளைவுல வண்டி சறுக்கி விழுந்தாரு. எதுத்தாப்புல லாரியும் இல்லை, குறுக்க நாயும் இல்லை. ரோட்டோரக் கல்லுல தலை அடிச்சுது, அவ்வளவுதான். ரோடு ஈரமா இருந்துதுன்னு போலீஸ்ல எழுதிக்கிட்டாங்க. சொந்தக்காரங்க விதின்னாங்க. கல்லாட்டம் உக்காந்திருக்கறா பாருன்னு என்ற காதுபடவே பேசுனாங்க. பேசட்டும். எனக்கு அழுகையும் வரலை, கோவமும் வரலை. பத்தாம் நாளே பனியன் கம்பெனிக்கு, செக்கிங் டேபிளுக்குப் போயி, ஓட்டை விழுந்த பனியனைத் தனியா எடுத்துப் போட்டுட்டிருந்தேன்.

ஆனா ஒரு விஷயம் எனக்கு மட்டும் தெரியும்.

அது லட்சம் கிலோமீட்டர் தாண்டுன வண்டி. கியர்பாக்ஸ்லருந்து வெளிய வர்ற தண்டைச் சுத்தி ஒரு ரப்பர் வளையம் இருக்கும், ஆயில் சீல்னு பேரு. அது தேய்ஞ்சு கசிய ஆரம்பிச்சிருந்துது. ஓட்டறவருக்கென்ன, அவரு பாட்டுக்கு ஓட்டுவாரு. பின்னால ஒருபக்கமா உக்காந்து போற எனக்குல்ல தெரியும்! கட்டுன சேலையெல்லாம் கரையோரம் கறுப்பு. "எத்தனை தடவைதான் சொல்றது? மாத்திப்போட்டுக் கூப்பிடுங்க, அதுவரைக்கும் நான் பஸ்ஸுலயே போயிக்கறேன்"னு ஒருநாள் கத்திட்டேன். "ஞாயித்துக்கெழமை பாத்துக்கலாம் புள்ள"ன்னாரு. அவரு வேற பனியன் கம்பெனி; சரக்கு ஏத்தற ஷிப்மெண்ட் இருந்தா எங்கூருல ஏது ஞாயித்துக்கெழமை? நானும் பஸ்ஸுலதான் போயிட்டிருந்தேன்.

திருப்பூருல எதுக்கும் ஒரே வைத்தியந்தான், பனியன் வேஸ்ட். கட்டிங்ல மிஞ்சற துண்டுத்துணி. அடுப்புத் தொடைக்க அது, தலகாணிக்குத் திணிக்க அது, சன்னல் சந்துக்கும் அதுதான். நானும் எங்க கம்பெனியில அப்ப ஓடிட்டிருந்த அரக்குக் கலர் துண்டுல நாலைச் சுருட்டி, அவருக்குத் தெரியாம, செயின் மூடிக்குள்ள கசியற எடத்துக்குக் கீழ திணிச்சு வெச்சேன். ஒரு வாரத்துல அவரு விழுந்தாரு.

சுத்தற செயினுக்குப் பக்கத்துல துணி. சிக்கும்னு தெரிய மெக்கானிக்கா இருக்கோணுமா? நான் வெச்ச துணியாலதானோங்கற நெனப்புத்தான் மூணு மாசமா உள்ள கெடந்துது. வலிக்கக்கூட இல்லை, சும்மா கெடந்துது.

வேலம்பாளையத்துல எங்க வீதி முக்குலயே மெக்கானிக் கடை. வண்டியை நானே தள்ளிட்டுப் போனேன். "ஸ்டூலைப் போட்டு உக்காருங்க அம்மிணி, இல்லாட்டி மத்தியானமா வாங்க"ன்னாரு மெக்கானிக் அண்ணன். உக்காந்துக்கறேன்னேன்.

செயின் மூடியைக் கழட்டுனாரு. செயினை எறக்கி, முன்னால இருந்த சின்னப் பல்சக்கரத்தை உருவுனாரு. "அடக் கடவுளே"ன்னாரு. தண்டைச் சுத்திக் கறுப்பா, விரல் மொத்தத்துக்கு என்னமோ இறுகிக் கெடந்துது. பிளேடால அறுத்து அறுத்து எடுத்தாரு.

"ஆரு வெச்ச துணீங்க இது? செயின் இழுத்து உள்ள சுத்தீருச்சு. நூலு போயி ரப்பரையே அறுத்திருக்குது பாருங்க. அதுக்குப் பொறவு கசிவு ஏது, கொட்டியிருக்கும். அத்தனையும் பின் டயருல."

சொல்லி முடிச்சப்புறந்தான் அவருக்கே ஒறைச்சிருக்கும். தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

"அதைப் பெட்ரோல்ல அலசுங்கண்ணா"ன்னேன்.

"எதுக்குங்க அம்மிணி?"

"அலசுங்கண்ணா."

ஒரு டப்பாவுல பெட்ரோல் ஊத்தி, அந்தக் கறுப்பு உருண்டையைப் போட்டுக் கசக்குனாரு. நான் எந்திரிச்சு நின்னுட்டேன். முதத் தண்ணி கறுப்பாப் போச்சு. ரெண்டாவது தடவை ஊத்துனாரு. மஞ்சள் வந்துது.

நல்ல மஞ்சள். வாங்கி, வெளிச்சத்துல பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தேன். அரக்குல ஒரு நூலு இல்லை. அந்த மாசம் அவரு கம்பெனியிலதான் மஞ்சள் ஓடுச்சு. சட்டை, தலைமயிரு எல்லாம் மஞ்சத் தூசியோடதான் ஊட்டுக்கு வருவாரு.

அப்பாடான்னு ஒரு மூச்சு வந்துது பாருங்க! நான் இல்லை, என்ற துணி இல்லை. மூணு மாசமா ஒண்ணுந் தோணாம கெடந்தவளுக்கு கையி, காலு, நெஞ்செல்லாம் லேசாயிருச்சு. சிரிச்சுக்கூட இருப்பேன், தெரியலை.

அண்ணன் தண்டைத் தொடைச்சு, புது ரப்பருக்கு ஆயில் தடவி, கோணாம சுத்திலும் தட்டித் தட்டி எறக்குனாரு. பேச்சுக்கு என்னமோ சொல்லோணும்னு சொன்னாரு. "மூடிக்குள்ள மேப்பக்கமா இன்னும் ரெண்டு மஞ்சத் துண்டு மடிச்சு வெச்சிருக்குதுங்க. அவ்வளவா ஆயிலே குடிக்கலை. ஊறஊறப் புதுசா மாத்தியிருப்பாரு போல. உங்க சேலைக்காகத்தான இருக்கும்?"

எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு. நான் திணிச்சதைப் பாத்திருக்காரு. என்னைத் திட்டாம, ஊறுனதைத் தூக்கிப் போட்டுப்போட்டு, அதே எடத்துல அவரு பங்குக்கு வெச்சிருக்காரு. நான் பஸ்ஸை விட்டுட்டு மறுக்கா பின்னால ஏறோணும்னு.

வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுனாரு. சொட்டு ஒழுகலை. சாயங்காலம் கொழுந்தனாரு வந்து எடுத்துட்டுப் போனாரு.

கதவைச் சாத்திப்போட்டு அன்னிக்கு அழுதேனுங்க. செத்த மனுசன் மேல பழியைத் தள்ளிப்போட்டு அப்பாடான்னேனே, அதுக்குத்தான் அழுதேன். அவரு போனதுக்கு நான் இன்னும் அழுகலை.