கடைசி வரிசைக் கத்தரி

கல்யாணமான புதிதில், லேசாகக் கரகரத்த மிக்ஸியைத் தரையில் பிரித்துப் பரப்பியவள் அவள். கரகரப்பு போனது, மிக்ஸியும் போனது. அன்றிலிருந்து கணவருக்கு அவள் 'நோண்டி'. கோபம் வந்தாலும் நோண்டி, கொஞ்சல் வந்தாலும் நோண்டி.

இருவருக்கும் இருந்தது சின்னக் காய்கறித் தோட்டம். மழை ஏமாற்றிய அந்த வருஷம், மோட்டாரைப் போட்ட கொஞ்ச நேரத்திலேயே கிணறு கையை விரித்துவிடும். தக்காளிக்கு ஒருநாள், வெண்டைக்கு ஒருநாள் என்று மாற்றி மாற்றிப் பாய்ச்சியும் இலைகள் துவண்டே கிடந்தன. கடைசி வரிசைக் கத்தரியை அடியோடு கைகழுவியிருந்தார்கள். அதுவோ கருகருவென்று தழைத்துக் காய்த்துத் தள்ளியது.

எல்லாம் தான் பொறுக்கிய விதை என்று அவர் நெஞ்சை நிமிர்த்தினார். பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். பழுத்த காய்களில் விதை எடுத்துக் காயவைத்தார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வாங்க வருவதாகப் பேச்சு. மிச்சமிருக்கும் தண்ணீரை அந்த விதையை நம்பிச் செலவழிக்கப் போகிறவர்கள் அவர்கள்.

நோண்டிக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த வரிசையில் களையும் பச்சைப்பசேலென்று இருந்தது. களைக்கு யார் விதை பொறுக்கினார்கள்? கேட்டதற்கு, தோண்டினால் வேர் அறுந்துவிடும், சும்மா கிட என்று எரிந்து விழுந்தார். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்த்தாள். சனிக்கிழமை அவர் சந்தைக்குக் கிளம்பியதும் மண்வெட்டியை எடுத்துவிட்டாள்.

முழங்கை ஆழத்தில் சேறு. அதற்கும் கீழே, தக்காளிக்குத் தண்ணீர் போகும் குழாய். மோட்டாரைப் போட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தாள். இணைப்பிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. விஷயம் பிடிபட்ட சந்தோஷத்தில் தன்னையறியாமல் சிரித்தாள். பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்தக் குழாயை இணைத்துப் பூட்டியது அவர்.

குழியை மூடாமல் விட்டாள். திரும்பி வந்தவர் அதன் ஓரத்தில் வெகுநேரம் குந்தியிருந்தார். புது இணைப்பு வாங்கிவந்து மாட்டினார். அவளுக்கு அவர்மேல் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. வீராப்புக்காக விதையைக் கொடுத்துவிட்டால்?

மறுநாள் எல்லோரும் பையோடு வந்தார்கள். அவள் தக்காளி பறிப்பதுபோல் குனிந்துகொண்டாள். காது மட்டும் அங்கேதான் இருந்தது.

வந்தவர்களைக் குழியருகே கூட்டிப்போனார். "விதையில ஒண்ணும் இல்லைங்க. நான் பூட்டின குழாய் ஒழுகியிருக்கு. இவ தோண்டாம விட்டிருந்தா உங்க தண்ணியையும் சேர்த்துப் பாழாக்கியிருப்பேன்."

யாரும் கேலி செய்யவில்லை. ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் வேலியோரத்தில் ஒரு பூசணி மட்டும் அநியாயத்துக்குச் செழிப்பாக இருப்பதாக இழுத்தார்.

"கூட்டிட்டுப் போங்க," என்றார் கணவர், மண்வெட்டியை அவளிடம் நீட்டி. "நானும் வரேன். என்னன்னு பார்க்கணும்."