ஒரு கிழமைக்கென்று கொடுத்த பங்க் கசெற்றைத் தேடி சம்பூருக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சம்பூருக்குப் போனது கடல் பார்க்கவோ கோவில் கும்பிடவோ இல்லை. கொடுத்த கசெற்றைத் திருப்பி வாங்கப் போனேன். எட்டு வருஷத்துக்கு முந்தி, சித்திரை வருஷப்பிறப்பு லீவு விட்ட அன்று, "ஒரு கிழமையில தாறன்" என்று சொல்லி, ஒரு பாட்டும் கேட்டுப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு போனவள் தவமலர் என்கிற தவம். சம்பூரிலிருந்து வந்து திருகோணமலையில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். அந்த லீவுக்குள்ளேயே சண்டை திரும்பத் தொடங்கி, கடலால் போகிற லோஞ்ச் நின்று, பாதை பூட்டி, அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அவளில் பிழையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கசெற் என்னுடையது.

இப்போது சண்டை நிறுத்தம் வந்து பாதை திறந்திருக்கிறது. மூதூர்ப் பக்கம் போக எவ்வளவு நேரம், எவ்வளவு காசு என்று பலர் கேட்டு எழுதுகிறீர்கள். போன ஆவணியில் நான் போய்வந்த வழியை அப்படியே எழுதுகிறேன். நடுவில் பாட்டுக் கதையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

வெள்ளிக்கிழமை காலை 6.15க்குக் கொழும்பு கோட்டையில் பஸ் ஏறினேன். 260 கிலோமீற்றர் சொச்சம். ஹபரணையில் தேத்தண்ணிக்கு இருபது நிமிஷம் நிற்பாட்டினார்கள். தம்பலகாமத்தில் ஒரு யானை ரோட்டைக் கடந்து முடியும் வரை இன்னொரு பதினைந்து நிமிஷம். அதுக்கு அவசரமே இல்லை. பின்னேரம் 2.40க்குத் திருகோணமலை. அன்றிரவு சித்தி வீட்டில் படுத்தேன். உங்களுக்குச் சித்தி இல்லாவிட்டால் பஸ் நிலையத்துக்குக் கிட்ட மலிவான அறைகள் இருக்கின்றன, நுளம்பு வலை இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கோ.

அது என்ன அப்படியொரு கசெற் என்று கேட்பீர்கள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை, கோதுமைக் கப்பல்களில் ஏறி இறங்குவார். ஒரு கப்பலில் ரேடியோ அறையில் வேலை செய்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு எங்கள் வீட்டு மாம்பழம் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுத்தாராம். அவள் பதிலுக்கு, "உங்கட மகளுக்கு" என்று ஒரு கசெற்றைக் கொடுத்துவிட்டாள். பெட்டி இல்லை, மட்டை இல்லை, பேரும் இல்லை. நாலு பெண்கள், பதினொரு பாட்டு, முப்பத்திநாலு நிமிஷம். அம்மா ஒரு பாட்டுக் கேட்டுவிட்டு, குசினியிலிருந்து வந்து ரேப் ரெக்கோடர் பழுதாப் போச்சோ என்று கேட்டா.

பங்க் என்ற சொல்லே எனக்கு அப்போது தெரியாது. கொழும்புக்கு வேலைக்கு வந்த பிறகு ஒரு நூலகத்தில் பழைய ஆங்கிலச் சஞ்சிகைகளைப் புரட்டித்தான், இந்த இசைக்கு அதுதான் பேர் என்று அறிந்தேன். கிற்றாரில் மூன்று இடத்தில் விரல் வைக்கத் தெரிந்தால் காணும், மேடையில் ஏறலாம். சஞ்சிகைகளில் பக்கம் பக்கமாகத் தலைமயிரை முள்ளு முள்ளாய் நிறுத்திய ஆம்பிளைகள். பெண்களுக்கு அடியில் ஒரு வரி. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் விட்டது நூலகத்தின் அதிர்ஷ்டம். எனக்கு இந்த இசையைச் சொல்லித் தந்தது பெண்கள்தான்.

ஏனென்று சொல்கிறேன். சின்ன வயதில் எங்கள் சங்கீத ரீச்சர் ஒரு சுரம் தப்பினால் அடிமட்டத்தால் விரல் மொளியில் தட்டுவா. பதின்மூன்று வயதில் நான் பாடுகிறதையே விட்டுவிட்டேன். இந்தக் கசெற்றில் மூன்றாம் பாட்டு முடிகிற இடத்தில் மேளமடிக்கிறவள் பிழை விடுகிறாள். பாட்டு சரிந்து கொட்டுப்படுகிறது. உடனே ஒருத்தி வயிறு குலுங்கச் சிரிக்கிறாள், நல்ல நீளமான சிரிப்பு. அதை வெட்டாமல் அப்படியே கசெற்றில் விட்டிருக்கிறார்கள். பிழை விட்டால் சிரிக்கலாம் என்று எனக்கு அதுவரை ஒருத்தரும் சொல்லவில்லை. அன்று பின்னேரம் கிணற்றடியில் நின்று சத்தமாகப் பாடினேன், எல்லாச் சுரமும் தப்பு.

சண்டைக் காலத்திலும் தவம் ஆர் ஆரையோ பிடித்து ஐந்து கடிதம் அனுப்பியிருந்தாள். ஒன்றில், "மூண்டாம் பாட்டில அவள் அழேக்க நானும் அழுவன்" என்று எழுதியிருந்தாள். என்ர கசெற்றில் ஒருத்தரும் அழவில்லை. இவள் அதை எங்கேயோ துலைத்துவிட்டு ஏதோ சினிமாப் பாட்டைச் சொல்லுகிறாள் என்று எனக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது. அதனால்தான் என்ர சின்ன ரேப்பையும் புதுப் பற்றறி நாலையும் பையில் வைத்தேன். பொருளைச் சரிபார்க்காமல் வாங்குகிற பழக்கம் என்னிடம் இல்லை.

சனிக்கிழமை காலை 7 மணிக்கு இறங்குதுறை. மூதூர் லோஞ்ச் 7.30க்கு, ரிக்கற் 40 ரூபாய். அரை மணித்தியாலம் முந்தியே போங்கோ, பை சோதிக்கிற வரிசை நீளம். பெண்களுக்குத் தனி அறை. நேவிப் பெண் ரேப்பை எடுத்து, "இது என்ன?" என்று தமிழிலேயே கேட்டா.

"பாட்டுக் கேக்க."

பற்றறி நாலையும் உருட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தா. பின்னால் நின்ற மூதூர் அம்மா ஒருவர் என் காதுக்குள், "முந்தியெண்டா இந்த நாலுக்கும் உங்கள உள்ளுக்கு வச்சிரிப்பாங்க மகள்" என்றா. உண்மைதான். குண்டு செய்யலாம் என்று, பற்றறியை அந்தப் பக்கம் கொண்டுபோகவே விடாத காலம் ஒன்று இருந்தது.

லோஞ்சில் இடது பக்கம் இருங்கோ, வெயில் இருந்தாலும் பரவாயில்லை. கோணேசர் மலை மெல்ல மெல்லத் திரும்பிக் காட்டும். கொட்டியார்க் குடாவைக் கடக்க ஒரு மணி பத்து நிமிஷம். என் காலடியில் ஒரு ஆடு, அது என் செருப்பு வாரைக் கடித்துக்கொண்டே வந்தது. எதிரே இரண்டு ரீச்சர்மார் வடையைப் பிய்த்து எனக்கும் தந்தார்கள். காற்று முகத்தில் அடிக்க, எட்டு வருஷமாய்ப் பூட்டிக்கிடந்த தண்ணியில் போகிறேன் என்ற சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் கசெற்றையும் மறந்துவிட்டேன்.

மூதூரில் 8.45. இறங்குதுறையிலேயே ஓட்டோ நிற்கும். கட்டைபறிச்சானில் ஆமி காவல் நிற்கிற சென்றி வரை நாலு கிலோமீற்றர், 120 ரூபாய். ஓட்டோக்காரர் றபீக் நானா, கதைக்காமல் ஓட்டத் தெரியாதவர்.

"ஆரப் பாக்கப் போறீங்க தங்கச்சி?"

"சிநேகிதியை, நானா. என்ர பாட்டுக் கசெற் ஒண்டு அவவிட்ட நிக்குது."

"எத்தின வருஷம்?"

"எட்டு."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "எட்டு வருஷம் ஒருத்தர்ர வீட்ட இரிந்தா அது அவங்கட பொருள்தானே."

வாயை வைத்துக்கொண்டு சும்மா ஓட்டுங்கோ என்று சொல்ல வந்தது. திரும்பி வர வேறு ஓட்டோ கிடைக்காதே என்று அடக்கிக்கொண்டேன். 2.45க்கு அதே இடத்தில் நிற்பதாகச் சொன்னார். மூதூரிலிருந்து கடைசி லோஞ்ச் 3.30க்கு, தவறவிட்டால் அடுத்த நாள்தான்.

ஆமிச் சென்றியில் பேரெழுதப் பத்து நிமிஷம். பிறகு ஒரு துண்டு ரோட்டை நடந்து கடந்து, இயக்கத்தின் சென்றியில் இன்னொரு பத்து நிமிஷம். அதைத் தாண்டினால், நான் வருகிறேன் என்று எழுதியிருந்தபடி, புளிய மரத்தடியில் சைக்கிளோடு தவம். நான் கற்பனை செய்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை.

"கறுத்துப் போனாய்" என்றேன்.

"நீ மட்டும் என்ன, வெளுத்தோ போனாய்? கசெற்றுக்குத்தானே வந்தனி?"

"உன்னைப் பாக்கவும்தான்."

"பொய். ஏறு பின்னால."

சம்பூருக்கு அங்கிருந்து ஐந்து கிலோமீற்றர். கரியரில் இருந்து போனேன், அவள் ஒரு இடத்திலும் மூச்சு வாங்கவில்லை. தவம் இப்போது தையல்காரி. வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார். உள்ளே போனதும் அலுமாரியைத் திறந்து, கூறைச் சேலைக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலத்தை எடுத்தாள். கசெற்றில் 'பக்திப் பாடல்கள்' என்று கடுதாசி ஒட்டியிருந்தது.

"இதென்னடி?"

"ஆமி வந்து பாத்தாலும் இயக்கம் வந்து பாத்தாலும் கேள்வி வரக்கூடாதெல்லோ. ரெண்டு பேருக்கும் பொதுவாச் சாமிதான்."

அந்த இடத்திலேயே நான் பாதி இளகிவிட்டேன். மற்றப் பாதி இன்னும் சரிபார்க்க வேண்டும் என்றது.

பற்றறியும் இல்லை, கரண்டும் இல்லை என்ற காலத்தில் அந்தப் பக்கத்துச் சனம் பாட்டுக் கேட்ட முறை இதுதான். சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு, பின் சில்லில் டைனமோவைச் சாய்த்து, அதிலிருந்து வயரை ரேப்புக்குள் கொடுத்து, ஒராள் ஏறி உழக்க வேண்டும். தவத்தின் ரேப்பில் பற்றறி வைக்கிற இடமே துருப்பிடித்துப் போய்விட்டது, அவள் இன்னும் உழக்கித்தான் கேட்கிறாள். ஏறி இருந்து உழக்கினாள். பாட்டுத் தொடங்கியது.

என்ர பாட்டே இல்லை. கிணற்றுக்குள்ளிருந்து ஒரு ஆம்பிளை முனகுகிற மாதிரி ஒரு குரல், மேளம் சாவீட்டுப் பறை மாதிரி டம், டம் என்று.

"எடி, இது என்ர கசெற் இல்ல."

உழக்கிற கால் நின்றது. பாட்டும் இழுபட்டு நின்றது. "எட்டு வருஷமாப் பொத்திப் பொத்தி வச்சிருக்கிறன். மூண்டு தரம் இடம்பெயர்ந்து ஓடேக்கையும் உடுப்பை விட்டிட்டு இதைத்தான் கொண்டு ஓடினனான். உன்ர இல்லையோ?" குரல் நடுங்கியது. அவளுக்குக் கோபம் வந்தால் குரல்தான் முதலில் நடுங்கும், பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான்.

 அவள் திரும்ப உழக்கினாள். மூன்றாம் பாட்டு வந்தது, முடிகிற இடமும் வந்தது. ஊ, ஊ, ஊ என்று ஒருத்தி விம்மி விம்மி அழுகிறாள். தவத்தின் கால் தன்பாட்டில் தளர்ந்தது. கால் தளர, அழுகை இன்னும் இழுபட்டது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. இது என்ர கசெற்றேதான். டைனமோக் கரண்ட் காணாமல் ரேப் மெதுவாய் ஓடி ஓடி, அந்தச் சிரிப்புத்தான் அழுகையாய்க் கேட்கிறது.

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணா செத்தாப் பிறகு ஒரு வருஷம் எனக்கு அழவே வரேல்ல. ஊர்ச்சனம் என்னைக் கல்லெண்டு கதைச்சது. இவள் அழுதாள். அதோட எனக்கும் வந்தது."

இனி நான் எப்படிச் சொல்ல? வந்தது ஒரு கசெற்றுக்கு, அவளோடு சேர்ந்து அழுத ஒருத்தியைப் பறிக்கப் போகிறேனா? பேசாமல் பையைக் கட்டிக்கொண்டு போய்விடுவோம் என்றுகூட நினைத்தேன். ஆனால் தவம் என் பையைப் பார்த்துவிட்டாள். "புதுப் பற்றறியோ? போடு, போடு. உழக்காமல் ஒருக்கா இருந்து கேப்பம்" என்று தானே கசெற்றை என்ர ரேப்பில் போட்டாள். நான் பொத்தானை அமத்தினேன்.

முதல் பாட்டு வெடித்துக்கொண்டு புறப்பட்டது.

"உன்ர ரேப் பழுது" என்றாள். "ஓடுது பார். நாய் கலைக்கிற மாதிரி."

"பழுதில்ல, தவம்."

இரண்டாம் பாட்டு. அவள் நெற்றி சுருங்கியபடி இருந்தது. மூன்றாம் பாட்டு. மேளம் பிழைத்தது, பாட்டுக் கொட்டுப்பட்டது, அந்தச் சிரிப்பு வந்தது, வயிறு குலுங்கக் குலுங்க. நான் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சிரிக்கிறாளோ?"

"ஓம்."

"முதல்ல இருந்தே சிரிச்சவளோ?"

"ஓமடி. எப்பவும்."

 தவம் சைக்கிளைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள். "அப்ப நான்தானேடி எட்டு வருஷமா உழக்கி உழக்கி அவளை அழ வச்சிருக்கிறன்." சொல்லி முடிக்கவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. தையல் மெசினில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் தொற்றிவிட்டது. கசெற்றில் இருந்தவளோடு மூன்று பேராய்ச் சிரித்தோம்.

பற்றறி வீணாய்ப் போகக்கூடாதென்று கசெற்றை வெளியே எடுத்து, ஓட்டைக்குள் பேனையை விட்டுச் சுற்றிச் சுற்றி அந்த இடத்தை ஒன்பது தரம் கேட்டோம். பிறகு அவளுக்கு ரோசம் வந்துவிட்டது. "என்ர சைக்கிளில அவள் சிரிக்க மாட்டாளோ, பாப்பம்" என்று பாவாடையைச் சொருகிக்கொண்டு ஏறினாள். பெடலில் எழும்பி நின்று உழக்கினாள். வீடே ஆடியது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "எங்கயடி தவம், இவ்வளவு அவசரமாப் போறாய்?" என்று கேட்க, "லண்டனுக்கக்கா" என்றாள். கசெற்றில் அந்தச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கீச்சுக் குரலில். அடுத்த பாட்டுக்கு நான் ஏறினேன். ஒரு பாட்டுக்குள் முழங்கால் கழன்றுவிட்டது. அந்த அக்காவும் வந்து ஒரு பாட்டு உழக்கிவிட்டுப் போனா.

கணவாய்க் கறியும் முருங்கைக்காய்ப் பாற்கறியுமாய்ச் சோறு சாப்பிட்டுவிட்டு 1.50க்கு வெளிக்கிட்டோம். சென்றிக்கு முன்னால் தவம் துணிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "இந்தா, உன்ர பொருள்."

வாங்கினேன். கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிறகு என்ர ரேப்பையும் சேர்த்து அவளுடைய சைக்கிள் கூடைக்குள் வைத்தேன்.

அவள் வேண்டாமென்று சொல்லவில்லை. "ஒரு கிழமையில தாறன்" என்றாள்.

றபீக் நானா சொன்ன நேரத்துக்கு நின்றார். வெறுங்கையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை, விசில் மட்டும் அடித்தார். 3.30 லோஞ்ச், 4.40க்குத் திருகோணமலை.

போகிறவர்களுக்கு: அடையாள அட்டை மறக்காதேங்கோ. தொப்பி, தண்ணிப் போத்தல், சில்லறைக் காசு தேவை. காலை லோஞ்சையே பிடியுங்கோ, ஐப்பசிக்குப் பிறகு கடல் குழப்பம். அந்த நாலு பெண்களும் ஆரென்று தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கோ, தவத்துக்கும் சொல்ல வேண்டும். அங்கே உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் பழமும் பிஸ்கற்றும் வாங்கிக்கொண்டு போகாதேங்கோ, புதுப் பற்றறி நாலு கொண்டு போங்கோ. அவர்கள் வீட்டிலும் சிரிக்க வேண்டிய ஒருத்தி எத்தனையோ வருஷமாய் அழுதுகொண்டிருக்கலாம்.