வலையில் சிக்கிய பலகையும் என் ‘சர்க்கஸும்’

ஐம்பத்திரண்டு வயதில் நான் பாய்மரம் பொருத்திய பலகையில் நின்று கடலில் ஓட்டும் விண்ட்சர்ஃபிங் போவதே சாந்தோமில் பலருக்குப் பிடிக்கவில்லை. பாயைத் திருப்பிப் பிடித்துப் பலகையைப் பின்னோக்கி ஓட்டும் ஃப்ரீஸ்டைல் வித்தையைப் பழகத் தொடங்கியதும் என் கணவரே, “டீச்சருக்கு எதுக்கு சர்க்கஸ்?” என்றார்.

போன மாதம் பட்டினப்பாக்கம் கடலில், பாயையே பார்த்துக்கொண்டு போனதில் மீன்வலையின் மிதவைகளைக் கவனிக்கவில்லை. பலகைக்கு அடியில் மீன்துடுப்பு போல நீட்டியிருக்கும் ஃபின் வலைக்கயிற்றில் மாட்டிக்கொண்டது. முன்னே போகப் போகக் கயிறு இறுகியது. சட்டென்று பாயைத் திருப்பிப் பின்னோக்கி ஓட்டினேன். கயிறு நழுவியது; வலையும் கிழியவில்லை.

படகிலிருந்த வலைக்காரர், “இன்னாக்கா, இதுல ரிவர்ஸ்லாம் கீதா?” என்று கத்தினார்.

“கீதுப்பா!” என்றேன்.

இப்போதெல்லாம் மிதவைகள் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் கடலில் இறங்குகிறேன். ஞாயிறுதோறும் அரை மணி நேரம் வித்தையும் பழகுகிறேன். கணவர் முணுமுணுத்தால், “ஆமா, சர்க்கஸ்தான்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன்.