இடது டிஸ்க்

எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவிக்குக் கீழே, ஷூ பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்றில் பதிவது அப்படியே மற்றதிலும் பதியும். ஒன்று கெட்டால் இன்னொன்று காப்பாற்றும். நாஸ் என்று கடையில் சொல்வார்கள். வீட்டில் அதற்குப் பெயர் பெட்டி. வாங்கியவள் என் மனைவி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவுக்கு அவள் சூப்பர்வைசர். நான் செய்தித்தாள் நிருபர். பேட்டிகளைப் பதிவு செய்துவிட்டு எங்கே வைத்தேன் என்று வீடு முழுக்கத் தேடுவேன். அதைப் பார்த்துச் சலித்துப்போய்தான் வாங்கினாள். டிஸ்குகளையும் அவளே ஸ்க்ரூ முடுக்கி மாட்டினாள்.

அந்தப் பேட்டிகளில் பாதி வீட்டிலிருந்தே எடுத்தவை. போனை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் ரெக்கார்டரை வைத்துப் பேசுவேன். தோல் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவர் பாலாற்றுத் தண்ணீரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். நடுவே சமையலறையிலிருந்து அவள் குரல் வரும். டீ ஆறுகிறது என்பாள், கேஸ் தீர்ந்துவிட்டது என்பாள், யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்பாள். எழுதும்போது அந்த இடங்களைத் தாண்டிப் போய்விடுவேன்.

பிறகு அவளுக்குத் தைராய்டில் கட்டி வந்தது. அது குரல் நரம்பைச் சுற்றி வளர்ந்திருந்தது. நரம்பையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று டாக்டர் முன்பே சொன்னார். சம்மதம் என்று அவளே கையெழுத்துப் போட்டாள். உடம்பு தேறியது. குரல் மட்டும் திரும்பவில்லை. இப்போது அவள் பேசினால் உதடு அசையும், கொஞ்சம் காற்று வரும். பக்கத்தில் இருந்தால் புரியும். மிஷின் ஓடும் ஹாலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஆளைக் கூப்பிட்ட குரல், பெட்டியில் மட்டும் மிச்சம் இருந்தது.

அவள் கடைக்குப் போகும்போது ஹெட்போன் மாட்டிக் கேட்பேன். அவளுக்குத் தெரியும்.

“அத இன்னாத்துக்குக் கேக்குறீங்க? நான் இங்கதானே இருக்கேன்?” என்பாள், காற்றுக் குரலில்.

நான் ஹெட்போனைக் கழற்றிவிடுவேன். அதை அவள் ஒருமுறைகூட வாங்கிக் கேட்டதில்லை.

போன மே மாதம், முதல் டிஸ்க் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பெட்டி என் லேப்டாப்புக்கு எச்சரிக்கை அனுப்பியது. இரண்டையுமே மாற்றிவிடலாம் என்று வேலூருக்குப் போய்ப் புது டிஸ்குகள் வாங்கினேன்.

“ஒண்ணொண்ணா மாத்துங்க சார்,” என்றார் கடைக்காரர். “கெட்டதக் கழட்டிட்டுப் புதுசு போடுங்க. நல்லதுலருந்து அதுவே காப்பி பண்ணிக்கும். அப்புறம் இன்னொண்ணு. ஓஎஸ் அப்டேட்டு கடைசியா. அவசரப்பட்டீங்கன்னா பேஜாராய்டும்.”

வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றினேன். டிஸ்குகளின் பக்கத்தில் அவள் ஒட்டிய சிறிய ஸ்டிக்கர்கள் இருந்தன. ஷூவின் உள்ளே ஒட்டுவது போல ஒன்றில் எல், ஒன்றில் ஆர். கம்பெனிக் கணக்கில் எப்போதும் இடது கால்தான் முதல். எனவே எல் என்றிருந்த டிஸ்கைக் கழற்றி ஜன்னல் மேடையில் வைத்தேன். அந்த இடத்தில் புதியதை மாட்டினேன். டிஸ்கின் மேல் அச்சடித்த எண்ணைத் திரையில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டிருக்கலாம். ஒரு செய்தியை இரண்டு பேரிடம் கேட்காமல் எழுதாதவன் நான். ஆனால் அவள் ஒட்டிய ஸ்டிக்கர் அது. சரிபார்க்கத் தோன்றவில்லை.

காப்பி கொஞ்ச தூரம் போய் நின்றது. பெட்டி விட்டுவிட்டுக் கத்த ஆரம்பித்தது. படிக்க முடியவில்லை என்றது திரை. அணைத்துப் போட்டேன். மறுபடி போட்டபோது ஒலிப்பதிவு ஃபோல்டர் திறக்கவே இல்லை. பெட்டி முன்னால் தரையில் உட்கார்ந்து மறுபடி மறுபடி தட்டிப் பார்த்தேன்.

சத்தம் கேட்டு அவள் வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

“எத கழட்டுனீங்க?”

“எல்லு.”

அவள் பெட்டியின் ஒயர்களைப் பிடுங்கி, அதைக் கையில் எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துத் தரையில் வைத்தாள். இடப்பக்கம் இருந்தது வலப்பக்கம் போனது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள்.

“நாங்க ஷூவ அடி மேல பாக்குற மாதிரிதான் வச்சி செக் பண்ணுவோம். இதையும் அப்டிதான் கவுத்து வச்சி ஒட்டுனேன். நீங்க நல்லதக் கழட்டிட்டீங்க. பேப்பர்காரரே!”

“கழட்டினத ஜன்னல்ல வச்சேன்.”

ஜன்னல் மேடை காலியாக இருந்தது. நடுப்பகல் வெயில் அங்கே நேராக விழுந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் மே மாத வெயில். மேடைக்குக் கீழே குனிந்து தேடினேன்.

அவள் உள்ளே போய் ஒரு துணிப்பை கொண்டுவந்தாள். ஷூவைப் போட்டுக் கொடுக்கும் வெள்ளைப் பை. உள்ளே டிஸ்க், கூடவே ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம்.

“வெயில்ல பொருள வச்சா எங்க மேனேஜரு தோல உரிச்சிடுவாரு. ஸ்டிக்கரகூட பாக்காம அப்பவே எடுத்து வச்சிட்டேன். கெட்டதோ நல்லதோ, மூடிதான் வைக்கணும்.”

அந்தப் பழைய நல்ல டிஸ்கை மட்டும் மாட்டிப் போட்டோம். ஃபோல்டர் திறந்தது. பிறகு புதியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். இந்த முறை எண்களை அவள் விரல் வைத்துப் பார்த்தாள், நான் சத்தமாகப் படித்தேன். காப்பி முடிந்த பிறகு பெட்டியை இயக்கும் ஓஎஸ்ஸை மாற்றினோம். பெட்டி அணைந்து எழுந்து வர வெகுநேரம் ஆனது. வந்தபோது பழைய பிளேயர் இல்லை. முகம் தெரியாத புதியது ஒன்று இருந்தது.

பதிவு இருக்கிறதா என்று பார்க்க ஏதோ ஒன்றைத் தொட்டேன். ஹெட்போன் காதில் இருந்தது. அதில் ஒன்றும் வரவில்லை. புதிய ஓஎஸ் தானாகவே டிவியைக் கண்டுபிடித்து ஒலியை அங்கே அனுப்பியிருந்தது.

தோல் பதனிடும் பீப்பாய்களைப் பற்றி ஒருவர் டிவியிலிருந்து பேசினார். நடுவே கூடம் அதிரும்படி ஒரு குரல்: “ஏங்க! தட்டு வைக்கட்டா, இல்ல அந்தாளோடயே சாப்ட்டுக்கிறீங்களா?”

“இரு, ரெண்டு நிமிஷம்,” என்றேன் நான், சமையலறைப் பக்கம் திரும்பி. டிவியிலிருந்த நானும் அதையேதான் சொன்னேன்.

சமையலறையில் யாரும் இல்லை. அவள் என் பின்னால் நின்றிருந்தாள். கை கழுத்துத் தழும்பின் மேல் இருந்தது. நிறுத்தப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

“இவ்ளோ ஜாஸ்தியாவா கத்துவேன்?”

“கம்மியாதான் கேக்குது. நேர்ல இன்னும் ஜாஸ்தி.”

முறைத்தாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உதடு அசைந்தது. மின்விசிறிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. குனிந்தேன்.

“முதல்லருந்து போடுங்க,” என்றாள். “அந்த ஃபேன நிறுத்துங்க.”

நிறுத்தினேன். வேர்வை வழிய வழிய இரண்டு பேரும் கேட்டோம்.